துருவ நட்சத்திரம் ஏன் கண்ணில் படுவதில்லை? அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வானத்திலேயே அதிகப் பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரம் எது என்று உங்கள் வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் பேசப் போகும் இடங்களிலெல்லாம் முதலில் வரும் பதில் 'துருவ நட்சத்திரம்'தான். உடனிருக்கும் பெரியவர்களும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். 'சரி, அதை யார் யார் பார்த்திருக்கிறீர்கள்?' என்று அடுத்துக் கேட்டால் உயரும் கைகள் மிகக் குறைவு. பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக ஒரு பதில் குழந்தைகளின் நாவில் இருக்கிறது என்பதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

துருவ நட்சத்திரம் அப்படியொன்றும் பிரகாசமானதல்ல. அதைவிட ஒளி மிகுந்தவையாக நம் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் நாற்பதுக்கும் மேல் உண்டு. அதன் பெருமை அது இருக்கும் இடத்தில்தான். பூமியின் சுழல் அச்சு வடக்கே சுட்டும் புள்ளிக்கு மிக அருகில் அது அமைந்திருப்பதால், மற்றவை எல்லாம் சுற்றிவரும்போது அது மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு விண்மீன் எவ்வளவு பிரகாசமானது என்பதும் அது எங்கே இருக்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள். வானியலின் முதல் பாடமே இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்பதுதான். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கின்றன.

அதைத் தேடிப் பார்த்தும் கிடைக்காமல் போனதற்குக் குழந்தைகள் மேல் குறை சொல்ல முடியாது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை ஊரின் அட்சரேகைதான் முடிவு செய்கிறது. லண்டனில் அது 51 பாகை உயரத்தில், பாதி வானத்துக்கும் மேலே நிற்கும். சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8 பாகைதான். ஒரு மாடி வீடு, ஒரு புளியமரம், ஒரு தெருவிளக்கு போதும், அது மறைந்துவிடும். வெட்டவெளியில் நின்றாலும் இன்னொரு தடை இருக்கிறது. அடிவானத்துக்கு அருகில் உள்ள விண்மீனின் ஒளி நம்மிடம் வந்துசேர மிக நீண்ட காற்றுப் பாதையைக் கடக்க வேண்டும். பத்துப் பாகை உயரத்தில் அந்தப் பாதை தலை உச்சியில் இருப்பதைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். தூசியும் ஈரமும் ஒளியைத் தின்றுவிடுகின்றன. இரண்டாம் தரத்து விண்மீனான துருவம் நம் ஊரில் மூன்றாம் தரத்துக்கும் கீழே மங்கித்தான் தெரிகிறது. ஐரோப்பியர்களுக்கு எளிதாக இருந்த தொடக்கப் புள்ளியை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். நமக்கு அது வானத்திலேயே கடினமான இலக்குகளில் ஒன்று.

ஆகவே முதல் வேண்டுகோள்: துருவ நட்சத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் வானம் வேறு. அதன் வளம் தெற்கே இருக்கிறது.

'தரம்' என்று மேலே எழுதினேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வானியலாளர் ஹிப்பார்கஸ் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கம் இது. பளிச்சென்று தெரிபவை முதல் தரம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிபவை ஆறாம் தரம், இடையில் நான்கு படிகள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தன் 'அல்மஜெஸ்ட்' நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை இந்த ஆறு தரங்களில் பட்டியலிட்டார். எண் கூடக் கூட ஒளி குறையும் என்பது பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் தோன்றும். வகுப்பில் முதல் ரேங்க்தான் உயர்ந்தது, நாற்பதாவது ரேங்க் அல்ல என்று சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள்.

பல நூற்றாண்டுகள் இது கண் சொல்லும் மதிப்பீடாகவே இருந்தது. இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தவர் நார்மன் போக்சன். ஒரு முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைப் போல் சுமார் 100 மடங்கு ஒளி தருகிறது என்பது அன்றே கவனிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் ஐந்து படிகளுக்கு மொத்தம் 100 மடங்கு, ஒவ்வொரு படிக்கும் 100இன் ஐந்தாம் மூலம், அதாவது 2.512 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என 1856இல் அவர் முன்வைத்தார். இன்றுவரை உலகத்தின் எல்லா வானாய்வகங்களும் பயன்படுத்தும் அளவுகோல் அதுதான். மேக்னிடியூட் என்றும் தமிழில் பொலிவெண் என்றும் சொல்கிறோம்.

இதை எழுதிய போக்சன் எங்கே வாழ்ந்து மறைந்தார் என்பதை உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1861இல் அவர் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பேற்று நுங்கம்பாக்கத்துக்கு வந்தார். வந்த சில வாரங்களிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். முப்பது ஆண்டுகள் இங்கேயே பணியாற்றி, 1891இல் சென்னையிலேயே காலமானார். அந்த வானாய்வகக் கட்டடம் இப்போது இல்லை. 1792இல் நிறுத்திய அதன் கருங்கல் தூண் மட்டும், தமிழ் எழுத்தும் பொறித்தபடி, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. போக்சனுக்கு முன்பே, அதே இடத்தில் டி.ஜி. டெய்லர் சுமார் 11,000 விண்மீன்களின் இடங்களை அளந்து 1844இல் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். விண்மீனின் இடத்தை அளப்பதிலும் ஒளியை அளப்பதிலும் நம் தலைநகரின் ஒரு தெருவுக்கு இவ்வளவு பங்கு இருந்திருக்கிறது. சென்னைப் பிள்ளைகளிடம்கூட இதை நாம் சொல்வதில்லை.

போக்சனின் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியையும் மறக்கக் கூடாது. தென்கோடியில் உள்ள ரெட்டிக்குலம் என்னும் சிறு விண்மீன் கூட்டத்தில், ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு விண்மீனை 1867இல் அவர் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அது ஒருபோதும் 14 பாகைக்கு மேல் எழுவதில்லை. அடிவானத்தின் அவ்வளவு மங்கலில், இன்றைக்கு இது இவ்வளவு, முன்பு பார்த்தது அவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லத் தேர்ந்த கண்ணும் பொறுமையும் வேண்டும். மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த முதல் இந்தியராக அவர் அறியப்படுகிறார். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்கு அதை விளக்கி இந்திய மொழிகளில் சிறுநூல் வரக் காரணமாக இருந்தவரும் அவரே. நம் பாடப்பொருளுக்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார்.

இனி அந்த அளவுகோலை வானத்தில் வைத்துப் பார்ப்போம். தை மாதத்தில் மாலை ஏழு மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். எட்டு மணிக்கு மாணவர்களைத் தெற்குப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். இடப்புறம், தென்கிழக்கில், வெண்மையாகத் துடித்துக்கொண்டிருப்பது சிரியஸ். இரவு வானத்து விண்மீன்களில் அதுதான் முதலிடம்; பொலிவெண் மைனஸ் 1.46. ஹிப்பார்கஸின் முதல் தரத்துக்குள் அடங்காத அளவுக்குப் பிரகாசம் என்பதால்தான் எண் பூச்சியத்தையும் தாண்டிக் கீழே போகிறது. அதற்குத் தெற்கே, அடிவானத்தை ஒட்டி, நிதானமாக ஒளிர்வது அகத்தியர் என்று நம் முன்னோர் அழைத்த கனோபஸ், மைனஸ் 0.74. இரண்டாவது இடம் அதற்கு. இங்கிலாந்தின் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் கனோபஸ் அடிவானத்துக்கு மேலே வராது. போக்சனும் அதைப் பார்க்க இந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது வாசலிலேயே நிற்கிறது.

இந்த இரண்டையும் அருகருகே பார்க்கும்போது ஒரு கேள்வியை நிச்சயம் கேளுங்கள்: பிரகாசமாகத் தெரிவது உண்மையிலேயே அதிக ஒளி உமிழ்கிறதா? சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. சூரியனைப் போல் சுமார் 25 மடங்கு ஒளி அதனுடையது. கனோபஸ் சுமார் 310 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, அதன் ஒளியோ பத்தாயிரம் சூரியன்களுக்கும் மேல். இரண்டையும் ஒரே தொலைவில் வைத்தால் சிரியஸ் கனோபஸ் முன் நிற்கவே முடியாது. வானியலாளர்கள் அப்படித்தான் வைத்துப் பார்க்கிறார்கள். எல்லா விண்மீன்களையும் 32.6 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாகக் கொண்டு கணக்கிடும் பொலிவெண்ணைத் தனிப் பொலிவெண் என்கிறார்கள். அந்தத் தொலைவுக்கு நம் சூரியனைக் கொண்டுபோய் வைத்தால் பொலிவெண் 4.8. சென்னை நகரத்துக்குள்ளிருந்து அது வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். எத்தனையோ சூத்திரங்கள் செய்யாத வேலையை இந்த ஒரு தகவல் செய்துவிடும்.

கணக்கு ஆசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சிரியஸுக்கும் துருவ நட்சத்திரத்துக்கும் பொலிவெண் வேறுபாடு ஏறத்தாழ 3.4. 2.512ஐ அத்தனை படிகள் அடுக்கினால் சுமார் 24. சிரியஸின் ஒளி துருவ நட்சத்திரத்தைப் போல் 24 மடங்கு என்பது அதன் பொருள். முழு நிலவு மைனஸ் 12.7, சூரியன் மைனஸ் 26.7. வேறுபாடு 14 படிதான், ஆனால் சூரிய ஒளி முழு நிலவைப் போல் நான்கு லட்சம் மடங்கு. மடக்கை எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஊர் வானம் எவ்வளவு இருட்டு என்பதைக் கருவி இல்லாமலே அளக்க ஒரு வழி இருக்கிறது. அது கார்த்திகைக் கூட்டம். அதில் பிரகாசமானதன் பொலிவெண் 2.9, ஆறாவதாக வருவது 4.3. ஆறும் தெரிந்தால் உங்கள் வானம் 4.3 வரை காட்டுகிறது என்று பொருள். புகை மாதிரி ஒரு மங்கல் திட்டு மட்டும் தெரிந்தால் ஊர் விளக்குகள் வானத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. இருட்டான மலைக் கிராமத்தில் ஏழு, எட்டு, சிலருக்கு அதற்கும் மேல் எண்ண முடியும். ஜவ்வாது மலையிலிருந்து வரும் மாணவரும் ஆவடியிலிருந்து வரும் மாணவரும் ஒரே இரவில் எண்ணி எழுதி ஒப்பிட்டால், ஒளி மாசு என்பது கட்டுரைத் தலைப்பாக இருப்பது போய் இரண்டு எண்களாகிவிடும். காவலூரில் நாட்டின் பெரிய வானாய்வகங்களில் ஒன்றான வைணு பாப்பு வானாய்வகத்தை அந்த மலைக்காட்டுக்குள் ஏன் அமைத்தார்கள் என்பதையும் அந்த எண்களே சொல்லும்.

எண்ணத் தொடங்கும் முன் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். அதற்குள் ஒருவர் செல்பேசித் திரையைப் பார்த்துவிட்டால் அவருக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். மங்கலான விண்மீனை நேராக முறைக்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் அது தெரியும். விழித்திரையின் நடுப்பகுதியைவிட ஓரங்கள் மங்கல் ஒளியை நன்றாக உணர்கின்றன. உயிரியல் பாடமும் அந்த நொடியில் நடந்துவிடுகிறது.

அடுத்தது இடம் கண்டுபிடிப்பது. இதற்கான கருவி எல்லோரிடமும் இருக்கிறது. கையை முழுவதும் நீட்டிப் பிடித்தால் சுண்டு விரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. நடுவில் உள்ள மூன்று விரல்கள் சேர்ந்தால் 5 பாகை. மூடிய கைமுட்டி 10. விரித்த சாண் 20 முதல் 25 வரை. சின்னப் பிள்ளைக்குக் கை சிறியது, ஆனால் தோளிலிருந்து கை நீளும் தூரமும் குறைவு, ஆகவே அளவு பெரிதாக மாறாது. நிலவு அரைப் பாகைதான், அதைச் சுண்டு விரலால் முழுவதும் மறைக்கலாம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். செய்து பார்க்கட்டும்.

இந்த அளவு கைவந்த பிறகு ஒரு விண்மீனின் முகவரியை எழுதச் சொல்லுங்கள்: எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி, எத்தனை மணி, எந்தத் தேதி. நான்கில் ஒன்று விடுபட்டாலும் முகவரி செல்லாது. ஒரு மணி நேரம் கழித்து அதே விண்மீனைப் பார்த்தால் அது பதினைந்து பாகை வரை நகர்ந்திருக்கும். மறுநாள் அது நான்கு நிமிடம் முன்னதாகவே எழும். ஒரு மாதத்தில் அது இரண்டு மணி நேரமாகிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நம் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான். நேரமும் ஊரும் மாறினால் மாறிப்போகும் முகவரி போதாது என்பதை மாணவர்கள் தாங்களே உணர்ந்த பிறகு, வானத்துக்கென்றே வரைந்த அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அறிமுகப்படுத்துங்கள். அவற்றின் பெயர்களான நடுவரை விலக்கம், வல எழுச்சிக் கோணம் என்னும் சொற்களை அதற்கு முன் சொன்னால் அவை மனப்பாடச் சுமைதான்.

நடுவரை விலக்கத்தைக் கற்பிக்க நமக்கு ஓர் அரிய வாய்ப்பு அமைந்திருக்கிறது. ஒரு விண்மீனின் நடுவரை விலக்கமும் ஊரின் அட்சரேகையும் ஒன்றாக இருந்தால் அந்த விண்மீன் அந்த ஊரின் தலை உச்சியைக் கடந்து போகும். மகம் என்று நாம் அழைக்கும் ரெகுலஸுக்கு ஏறத்தாழ 12 பாகை. புதுச்சேரியும் விழுப்புரமும் அதே கோட்டில் இருக்கின்றன. பங்குனிக் கடைசியில் இரவு ஒன்பது மணியை ஒட்டி அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் நேர் உச்சியில் மகம். திருவோணம் எனப்படும் ஆல்டேர், 9 பாகைக்குச் சற்றுக் குறைவு. புரட்டாசித் தொடக்கத்தில் இரவு எட்டு மணியை ஒட்டி அது திருநெல்வேலியின் உச்சியில் நிற்கும். மதுரைக்காரர்களுக்குப் பெகாசஸ் கூட்டத்தின் ஈனிஃப் இருக்கிறது. ஐப்பசியில் மழை விட்ட ஓர் இரவில் எட்டு மணிக்குத் தேடலாம். மூன்றிலுமே விலகல் நிலவின் விட்டத்தைவிடக் குறைவு. தன் ஊருக்கென்று ஓர் உச்சி விண்மீன் இருக்கிறது என்று தெரிந்த குழந்தை அட்சரேகையை வாழ்நாளில் மறக்காது. திருச்சிக்கும் சேலத்துக்கும் நாகைக்கும் எது நெருங்கி வருகிறது என்று பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை உங்கள் வகுப்பின் வேலையாக வைக்கலாம்.

மகம், திருவோணம் என்றதும் பிள்ளைகள் இது என் நட்சத்திரம், இது அம்மாவின் நட்சத்திரம் என்று பேசத் தொடங்குவார்கள். தடுக்காதீர்கள். சோதிடத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தெரிந்த இருபத்தேழு பெயர்கள் நமக்குத் தயாராக இருக்கின்றன. அவற்றுக்கு உரிய விண்மீன்களைத்தான் யாரும் காட்டித் தருவதில்லை. ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் ஆகிய ஏழும் முதல் தர ஒளியுள்ளவை. நகரத்து மொட்டைமாடியிலிருந்தும் தெரியும். அதிலும் ரோகிணி, மகம், சித்திரை மூன்றும் நிலவின் பாதையை ஒட்டியவை. தினசரி காலண்டரில் ரோகிணி என்று போட்டிருக்கும் இரவில் நிலவைப் பாருங்கள், ஏறத்தாழ ஒரு கைமுட்டித் தொலைவுக்குள் செந்நிறத்தில் ரோகிணி இருக்கும். அந்தக் கட்டத்தில் அச்சடித்திருப்பது நிலவின் முகவரி என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரியும். சுவாதிக்கும் திருவோணத்துக்கும் இது பொருந்தாது. அவை நிலவின் பாதையிலிருந்து வெகுவாக வடக்கே விலகியவை. ஏன் விலகியவற்றைத் தேர்ந்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டால், அந்த வகுப்பு நன்றாக நடக்கிறது என்று பொருள்.

சித்திரை மாதக் கடைசியில் இரவு பத்து மணியை ஒட்டிய வானத்தைத் தவறவிடாதீர்கள். வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே திரிசங்கு என்னும் தென் சிலுவையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உயர்ந்து நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவருக்குத் தென் சிலுவை கிடையாது. சிட்னியில் இருப்பவருக்குச் சப்தரிஷி மண்டலம் முழுதாகக் கிடையாது. நமக்கு இரண்டும் உண்டு. சப்தரிஷியின் ஏழில் ஆறு, ஏறத்தாழ இரண்டாம் தரம். கிண்ணமும் கைப்பிடியும் சேரும் இடத்தில் உள்ளது மட்டும் 3.3, அது கண்ணில் பட்டால் உங்கள் வானம் பரவாயில்லை. கைப்பிடியில் நடுவே இருக்கும் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி, 4.0. திருமணத்தில் பட்டப்பகலில் காட்டுகிற அருந்ததியை இரவில் ஒருமுறையாவது பிள்ளைகள் பார்க்கட்டும். கைப்பிடியின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பொன்னிறச் சுவாதி, இன்னும் நீட்டினால் நீலவெண்மையான சித்திரை. கிண்ணத்தின் முன்விளிம்பில் உள்ள இரண்டையும் இணைத்து, அவற்றின் இடைவெளியை ஐந்து முறை வடக்கே எடுத்து வைத்தால், இப்போது வருகிறது துருவ நட்சத்திரம். அடிவானத்தில், மங்கலாக, இருக்க வேண்டிய இடத்தில். இந்த வழியில் வந்து சேர்ந்த பிள்ளை அதைப் பிரகாசமானது என்று ஒருநாளும் சொல்லாது.

கண்ணால் ஒப்பிடும் இந்தப் பழக்கம் வெறும் பயிற்சியாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஆர்கெலாண்டர் 1844இல் வானியல் ஆர்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒளி மாறும் விண்மீன்களைத் தொடர்ந்து பார்க்க வானாய்வகங்களுக்கு ஆள் போதாது, நீங்கள் வெறும் கண்ணால் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டு, அதற்கான முறையையும் சொல்லிக்கொடுத்தார். ஒளி மாறும் விண்மீனைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் தேர்ந்து, இடையில் இது எங்கே நிற்கிறது என்று மதிப்பிடுவதுதான் முறை. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் கழகம் இன்றும் அப்படிப்பட்ட குறிப்புகளை உலகம் முழுவதிலிருந்தும் வாங்கிக்கொள்கிறது.

நம் மாணவர்களுக்கு ஏற்ற விண்மீன் திருவாதிரை. பெட்டல்ஜூஸ் என்று உலகம் அழைக்கும் அந்தச் செம்பெரு விண்மீன் பொதுவாக 0.5 அளவில் இருக்கும். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. ஓரையன் விண்மீன் கூட்டத்தின் தோளில் வழக்கமான வெளிச்சம் இல்லை என்பதை வெறும் கண்ணாலேயே உணர முடிந்தது. அது வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது என்று பின்னர் விளக்கினார்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிகளின் நோட்டுப் புத்தகத்தில் அது பதிவானது? தை முதல் பங்குனி வரை, வாரம் ஒருமுறை, புரோசியான் என்னும் விண்மீன் 0.4, ரோகிணி 0.9 என்று இரண்டையும் வைத்துக்கொண்டு திருவாதிரையை மதிப்பிட்டு எழுதலாம். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும் நேரமாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடிவானக் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். சிவந்த விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல் தோன்றும். சட்டென்று பார்த்து, சட்டென்று பார்வையை எடுத்து, மதிப்பிட வேண்டும். மூன்று மாணவர்களின் எண்கள் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை, சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்ற பேச்சு பிழைக் கணக்கின் முதல் பாடம்.

தொலைநோக்கி இல்லையே என்று கேட்பீர்கள். பல பள்ளிகளில் தொலைநோக்கி இருக்கிறது, பீரோவுக்குள். வாங்கிய வாரத்தில் நிலவைப் பார்த்தார்கள். பிறகு எதை, எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணால் கண்டுபிடிக்கத் தெரியாததைத் தொலைநோக்கியால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் அது காட்டும் வானத்தின் பரப்பு மிகச் சிறியது. செல்பேசிச் செயலிக்கும் இதே கதிதான். விடையைச் சரிபார்க்க அது உதவும். முதலிலேயே அதை நீட்டிவிட்டால் குழந்தை வானத்தைப் பார்க்காது, திரையைப் பார்க்கும்.

இரவில் பள்ளியைத் திறக்க முடியாது, பெண் பிள்ளைகளை நேரம் கழித்து அனுப்ப முடியாது, மின்னல் வேகத்தில் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற உங்கள் நெருக்கடிகளை நான் அறிவேன். அதனால்தான் பள்ளிக்கு வரச் சொல்ல வேண்டாம் என்கிறேன். வீட்டு வாசலிலோ மாடியிலோ, பெற்றோர் துணையுடன், அரை மணி நேரம். மறுநாள் வகுப்பில் பத்து நிமிடம் நோட்டுகளை ஒப்பிடுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். தெரியாத விண்மீனைத் தெரியாது என்றே மாணவர்களிடம் சொல்லிவிட்டு, சேர்ந்து தேடுங்கள்.

வரும் தை அமாவாசையை ஒட்டிய இரவுகளில் நிலவின் இடைஞ்சல் இருக்காது, வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். அந்த வாரத்துக்கு உங்கள் வகுப்புக்கு மூன்று வேலை மட்டும் கொடுங்கள்: கார்த்திகையில் எத்தனை தெரிகிறது என்று எண்ணுவது, கனோபஸ் எத்தனை முட்டி உயரத்தில் நிற்கிறது என்று அளப்பது, திருவாதிரை புரோசியானைவிடப் பிரகாசமா மங்கலா என்று முடிவு செய்வது. தேதியும் நேரமும் ஊரும் போட்டு எழுதிய அந்தப் பக்கங்களைத் தூக்கி எறிந்துவிடாமல் பள்ளியிலேயே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு ஒப்பிட அவை வேண்டும்.

அன்புடன்,
வானம் பார்க்கும் ஓர் ஆர்வலர்